திராட்சைத் தோட்டத்துக் குளத்தில் மிதந்த சூரியன்

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஓக்வில் என்றொரு சிற்றூர் உண்டு. 1885 ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட கற்கட்டடமொன்று அங்கு இன்றும் நிற்கின்றது. ஃபார் நியெண்டே என்ற வைன் ஆலை அது. இத்தாலிய மொழியில் அப்பெயருக்கு 'ஒன்றும் செய்யாதிருத்தல்' என்று பொருள். ஒன்றும் செய்யாதிருப்பதன் சுகத்தைச் சொல்லும் பழைய இத்தாலியத் தொடரொன்றிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது.

2008 ஆம் ஆண்டில் அந்த ஆலையின் நீர்ப்பாசனக் குளத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் சூரிய மின்தகடுகள், சுமார் 130 மிதவைகளின் மேல் பொருத்தப்பட்டுக் குளத்து நீரில் மிதக்கவிடப்பட்டன. அவற்றின் கொள்ளளவு 175 கிலோவாற். முந்திய ஆண்டில் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் 20 கிலோவாற் அளவிலான மிதக்கும் அமைப்பொன்று ஆராய்ச்சிக்காக நிறுவப்பட்டிருந்தது. ஆயினும், தொழிலொன்றின் அன்றாடத் தேவைக்காக நீரின்மேல் அமைக்கப்பட்ட முதலாவது சூரிய மின்நிலையம் என்ற பெயர் இந்த வைன் ஆலைக்கே உரியது. இன்று சீனாவிலும் இந்தியாவிலும் நீர்த்தேக்கங்களின் மேல் நூற்றுக்கணக்கான மெகாவாற் அளவில் விரிந்து கிடக்கும் மிதக்கும் மின்நிலையங்களுக்கு முன்னோடி இந்தச் சிறு குளந்தான்.

குளத்தை நாடியமைக்குக் காரணம் அழகுணர்ச்சியன்று, நிலத்தின் விலை. அத்தனை தகடுகளையும் நிலத்திலே வைப்பதானால் ஏறத்தாழ முக்கால் ஏக்கர் திராட்சைக் கொடிகளைப் பிடுங்க வேண்டியிருந்திருக்கும். நமது யாழ்ப்பாணக் கணக்கிலே சொன்னால் பன்னிரண்டு பரப்பு. ஓக்வில் மண்ணில் விளையும் கபர்னே சோவின்யோன் திராட்சைக்கு உலகச் சந்தையில் உள்ள மதிப்பை அறிந்தவர்கள், அந்தப் பன்னிரண்டு பரப்பை இழக்க எந்தத் தோட்டக்காரனும் ஒப்பமாட்டான் என்பதை உணர்வர். வலிகாமத்துச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் போட்டவர்களுக்கு இது மேலும் நன்றாக விளங்கும்.

குடும்பங்கள் நடத்தும் வைன் ஆலைகளில் சூரிய மின்சாரம் புகுந்த வரலாறு, பெரும்பாலும் 'பசுமை'ச் செய்தியாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடுகளிலும் அப்படியே காணப்படுகிறது. ஆனால், அதனை உற்று நோக்கும்போது அது ஒரு கணக்கின் வரலாறாகவும், ஒரு சட்டத்தின் வரலாறாகவும், இறுதியில் மின்கம்பியின் மறுமுனையில் உள்ள ஆளி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியின் வரலாறாகவும் விரிகின்றது.

மின்சாரம் வேண்டாத ஆலை

ஃபார் நியெண்டேயை நிறுவியவர் ஜோன் பென்சன் என்பவர். கலிபோர்னியாவில் பொன் கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் அங்கு சென்றவர். வின்ஸ்லோ ஹோமர் என்ற புகழ்பெற்ற ஓவியருக்கு மாமன் முறை. ஆலையை வடிவமைத்தவர் ஹம்டன் மக்கின்ரயர். நாபா பள்ளத்தாக்கின் வேறு பல பழைய கற்கட்டட ஆலைகளையும் வடிவமைத்தவர் அவரே.

அக்காலத்து ஆலைகளின் அமைப்பு எளிமையானது. திராட்சை மேல்தளத்தில் இறக்கப்படும். அங்கு நசுக்கப்பட்ட சாறு தன் பாரத்தாலேயே கீழ்த்தளத்துத் தொட்டிகளுக்கு வழிந்து செல்லும். அதன் பின்னர் அடித்தளத்தில் உள்ள மரப்பீப்பாய்களில் முதிரும். தடித்த கற்சுவர் பகல் வெப்பத்தைத் தடுக்கும். இரவுக் குளிர் உள்ளே தங்கும். நீரிறைக்கும் இயந்திரமும் இல்லை, குளிரூட்டியும் இல்லை. புவியீர்ப்பும் கல்லும் இரவும் சம்பளமின்றி வேலை செய்தன.

இவ்வாலை கட்டப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1883 இல், நியூயோர்க் நகரில் சார்ல்ஸ் ஃபிரிட்ஸ் என்பவர் செலனியத்தின் மேல் மெல்லிய பொற்படலம் பூசி முதலாவது திண்மச் சூரிய மின்கலத்தைச் செய்திருந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஒளியினால் மின்னோட்டம் உண்டாகும் என்பதை 1839 இலேயே பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் பெக்கரல் தமது பத்தொன்பதாவது வயதிற் கண்டறிந்திருந்தார். ஆனால், ஃபிரிட்ஸின் கலம் தன்மீது விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத்தானும் சரிவர மின்னாக மாற்றவில்லை. அது வேடிக்கைப் பொருளாகவே இருந்துவிட்டது.

பென்சனின் ஆலையை முதலில் மூடியது சட்டம். அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933 டிசெம்பர் வரை நீடித்தது. நாபாவின் பெரும்பாலான ஆலைகள் பூட்டப்பட்டன. ஃபார் நியெண்டே கைவிடப்பட்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 1979 இல் ஒக்லஹோமாவைச் சேர்ந்த கில் நிக்கல் என்பவர் அதனை வாங்கினார். மரக்கன்று வளர்க்கும் குடும்பத் தொழிலிலிருந்து வந்த அவர் சில ஆண்டுகள் செலவிட்டு அதனைப் புதுப்பித்தார்.

இந்த அறுபது ஆண்டுகளில் வைன் தொழில் அடியோடு மாறியிருந்தது. 1950களில் சொனோமா மாவட்டத்தின் ஹன்செல் ஆலை, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய துருப்பிடிக்காத உருக்குத் தொட்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. தொட்டியைச் சுற்றிக் குளிர்ந்த திரவம் ஓடும். நொதித்தலின் வெப்பம் மிஞ்சாது. பழத்தின் மணம் கெடாது. 1960களிலும் 1970களிலும் இம்முறை கலிபோர்னியா எங்கும் பரவியது. 1976 இல் பாரிஸில் நடைபெற்ற மறைமுகச் சுவைத்தேர்வில் நாபாவின் வைன்கள் பிரெஞ்சு வைன்களை முந்தியபோது, அந்த வெற்றிக்குப் பின்னால் மண்ணும் கைத்திறனும் மாத்திரமன்றிக் குளிரூட்டும் இயந்திரங்களும் இருந்தன.

இவ்வாறாக, ஒரு காலத்தில் மின்சாரமே வேண்டாதிருந்த தொழில், மின்சாரமின்றி ஒருநாளும் இயங்க முடியாத தொழிலாயிற்று. வைன் ஆலையொன்றின் மின்கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்குவது குளிரூட்டலே. அதற்கு அடுத்தாற்போல் பம்பிகள், பிழியும் இயந்திரங்கள், கழிவுநீர்க் குளங்களுக்குக் காற்றூட்டும் மோட்டர்கள் என்பன வருகின்றன. ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையான அறுவடைக் காலத்தில் இவையாவும் இரவு பகலாக ஓடும். அந்நாட்களில் மின்சாரம் நின்றால் ஓராண்டு உழைப்பு தொட்டியிலேயே கெடலாம்.

காட்டுக்குள் வந்த தகடுகள்

சூரிய மின்கலம் பயன்படு பொருளானது 1954 இல். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் செய்த சிலிக்கன் கலம், ஒளியின் நூற்றில் ஆறு பங்கை மின்னாக்கியது. 1958 இல் வான்காட்-1 என்ற செயற்கைக்கோள் அத்தகைய கலங்களோடு விண்ணுக்குச் சென்றது. விண்வெளிக்கு ஏற்ற விலையாக இருந்ததேயன்றி, வீட்டுக்கு ஏற்ற விலையாக அது இருக்கவில்லை.

விண்ணிலிருந்து மண்ணுக்கு அது இறங்கிய இடங்களுள் ஒன்று வடகலிபோர்னியாவின் காட்டுப்புறம். 1970களில் நகர வாழ்வை வெறுத்து மெண்டசீனோ மாவட்டத்து மலைகளில் குடியேறிய இளைஞர்களின் குடிசைகளுக்கு மின்கம்பி செல்லவில்லை. 1978 இல் வில்லிட்ஸ் என்ற ஊரில் ஜோன் ஷேஃபர் என்பவர் திறந்த ரியல் குட்ஸ் என்ற கடை, அவர்களுக்குச் சூரியத் தகடுகளை விற்க ஆரம்பித்தது. பகலில் பற்றரி நிரம்பும். இரவில் விளக்கு எரியும். மின்சாரக் கம்பனிக்கும் அவர்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

அந்த முதற் தலைமுறைச் சூரிய மின்சாரத்தின் பண்பு இதுவேயாகும்: அது கம்பிக்கு வெளியே நின்றது. சிறியதாகவும், விலை கூடியதாகவும், ஆனால் சுதந்திரமானதாகவும் இருந்தது. வைன் ஆலைகளுக்கு வந்ததோ வேறொரு சூரிய மின்சாரம்.

பின்னோக்கிச் சுழன்ற மீற்றர்

1995 இல் கலிபோர்னியாவில் ஒரு சிறிய சட்டம் நிறைவேறியது. கூரையிலுள்ள தகடு உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் வீட்டுக்கு மிஞ்சியதைக் கம்பியூடாகக் கம்பனிக்கு அனுப்பலாம். அனுப்பிய ஒவ்வோர் அலகும், பின்னர் வாங்கும் ஒவ்வோர் அலகோடும் சரிக்குச் சரி கழிக்கப்படும். மீற்றர் பின்னோக்கிச் சுழலும் என்று எளிமையாகச் சொல்வார்கள். ஆனால், தொடக்கத்தில் 10 கிலோவாற் வரையான சிறு அமைப்புகளுக்கே இச்சலுகை இருந்தது. வீட்டுக்கு அது போதும். வைன் ஆலைக்குப் போதாது.

நிலைமையை மாற்றியது ஒரு நெருக்கடி. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கலிபோர்னியா தனது மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டது. 2000 ஆம் ஆண்டுக் கோடையில் மொத்த விற்பனை விலைகள் கட்டுமீறி ஏறின. என்ரோன் முதலிய வணிக நிறுவனங்கள் அச்சந்தையை எவ்வாறு தம் விருப்பப்படி வளைத்தன என்பது பின்னர் விசாரணைகளில் வெளிவந்தது. 2001 ஜனவரியில் வடகலிபோர்னியாவில் சுழற்சி முறையில் மின்வெட்டு அமுலாயிற்று. உலகின் மிகப் பெரிய பொருளாதாரங்களுள் ஒன்றாகிய அம்மாநிலத்தின் போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 6 ஆம் திகதி, நாபாவுக்கும் சொனோமாவுக்கும் மின்சாரம் வழங்கும் பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பனி வங்குரோத்து நிலையை அறிவித்தது.

அந்த ஆண்டிலேயே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. சரிக்குச் சரி கழிக்கும் சலுகையின் உச்சவரம்பு 10 கிலோவாற்றிலிருந்து 1 மெகாவாற்றாக உயர்த்தப்பட்டது. சொந்தமாக மின் உற்பத்தி செய்வோருக்கு, சூரியத் தகடாயின் ஒரு வாற்றுக்கு 4.50 டொலர் வரை, ஆனால் மொத்தச் செலவில் பாதிக்கு மேற்படாமல், உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் வைன் ஆலைக் குடும்பங்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தன.

அக்கணக்கு அவர்களுக்கு வாய்ப்பாகவே அமைந்தது. கோடையின் நீண்ட பகல்களில், ஆலை அதிகம் இயங்காத ஜூன், ஜூலை மாதங்களில், தகடுகள் மிகுதியாக உற்பத்தி செய்யும். அந்த மிகுதி வரவில் ஏறும். அறுவடைக் காலத்தில் ஆலை பசியோடு மின்சாரத்தை விழுங்கும்போது அந்த வரவு கழியும். கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை முடிக்கப்படும். வேறு விதமாகச் சொன்னால், மின்கம்பனி அவர்களுக்குக் கட்டணமில்லாத பற்றரியாயிற்று.

குடும்ப நிறுவனங்களே இதில் முன்னின்றமைக்கு ஒரு காரணம் உண்டு. பங்குச்சந்தைக் கம்பனிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலாபம் காட்டும் கட்டாயம் உண்டு. திராட்சை நட்ட குடும்பத்தின் நாட்காட்டி வேறு. நட்ட கொடி நல்ல பலன் தர மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும்; அதன்பின் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் காய்க்கும். சூரியத் தகட்டுக்குத் தரப்படும் உத்தரவாதமும் இருபத்தைந்து ஆண்டுகளே. பத்தாண்டுகளிற் பணம் திரும்பி வரும் என்றால், அது பிள்ளைகளுக்கு நடும் இன்னொரு பயிர் என்று எண்ண அவர்களால் முடிந்தது.

2003 இல் சொனோமாவின் ஹீல்ட்ஸ்பேர்க் ஊரிலுள்ள ரொட்னி ஸ்ட்ரோங் ஆலை, தனது பீப்பாய்க் களஞ்சியத்தின் கூரையில் 766 கிலோவாற் அமைப்பொன்றை நிறுவியது. ரொட்னி ஸ்ட்ரோங் என்ற நடனக் கலைஞர் தொடங்கிய அந்த ஆலையை, 1989 இல் கிளைன் என்ற விவசாயக் குடும்பம் வாங்கியிருந்தது. வைன் தொழிலில் அன்று அதுவே மிகப் பெரிய சூரிய அமைப்பு. 2004 இல் நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் பகுதியிலுள்ள ஷேஃபர் குடும்பத்தின் ஆலை, தனது முழு மின்தேவைக்கும் ஈடாகத் தகடுகளை அமைத்தது. சிக்காகோவில் பதிப்புத் தொழிலை விட்டு 1972 இல் குடும்பத்தோடு நாபாவுக்கு வந்தவர் அதன் நிறுவுநர். மேலே சொன்ன கடைக்காரர் ஷேஃபர் வேறு, இவர் வேறு. 2005 இல் ரதர்ஃபோர்ட் ஊரின் ஃபுரொக்ஸ் லீப் ஆலையும் இவ்வரிசையிற் சேர்ந்தது.

2006 இலிருந்து மத்திய அரசின் வரிச்சலுகை செலவில் 10 வீதத்திலிருந்து 30 வீதமாக உயர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆளுநர் ஆர்னோல்ட் சுவார்ஸ்னேகர் 'பத்து இலட்சம் சூரியக் கூரைகள்' சட்டத்தில் ஒப்பமிட்டார். இந்தப் பின்னணியிலேதான், 2003 இல் கில் நிக்கல் காலமான பின்னர் அவரது குடும்பத்தினரும் பங்காளிகளும் நடத்திவந்த ஃபார் நியெண்டே, 2008 இல் தனது குளத்தைத் தகடுகளால் மூடியது. குளத்தில் மிதந்தவையும் கரையில் நின்றவையுமாக மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 400 கிலோவாற். நீரின் குளிர்ச்சியால் தகடுகளின் திறன் சற்றுக் கூடியது, தகடுகளின் நிழலால் நீர் ஆவியாவது குறைந்தது, பாசியும் மட்டுப்பட்டது. ஆண்டு முடிவில் மின்கட்டணம் ஏறத்தாழ இல்லையென்றாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாதிச் செலவை ஏற்ற அந்த உதவித்தொகை வானத்திலிருந்து விழவில்லை. மின்பாவனையாளர் அனைவரிடமும் அறவிடப்பட்ட கட்டணத்திலிருந்தே அது வந்தது. கோடீசுவரர்களின் கூரைக்கு வாடகை வீட்டுக்காரர் ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஆனால், அன்றைய அந்தக் கொள்வனவுகள்தாம் உற்பத்தியைப் பெருக்கி விலையை இறக்கின என்பதும் உண்மையே. ஜேர்மனியின் கூரைகளும், கலிபோர்னியாவின் கூரைகளும், பின்னர் சீனத் தொழிற்சாலைகளும் சேர்ந்து, 2008 க்கும் 2020 க்கும் இடையில் தகட்டின் விலையை 90 வீதத்துக்கும் மேலாக வீழ்த்தின.

தகடுகள் இருந்தும் இருள்

2017 ஒக்டோபர் 8 ஆம் திகதி இரவு, வறண்ட கடுங்காற்று வீச, நாபாவிலும் சொனோமாவிலும் ஒரே வேளையில் பல இடங்களிற் காட்டுத்தீ மூண்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவற்றுட் பல தீக்கள் பசிபிக் காஸ் கம்பனியின் மின்கம்பிகளால் மூண்டவை என்று மாநிலத் தீயணைப்புத் திணைக்களம் கண்டறிந்தது. அதிகமானோரைப் பலிகொண்ட டப்ஸ் தீ மாத்திரம் தனியார் மின்னிணைப்பொன்றினால் ஏற்பட்டதெனக் கூறியது. 2018 நவம்பரில் பரடைஸ் என்ற நகரத்தையே அழித்து 85 பேரைப் பலிகொண்ட தீயும் அக்கம்பனியின் கம்பியிலிருந்தே பிறந்தது. 2019 ஜனவரியில் கம்பனி இரண்டாவது தடவையாக வங்குரோத்து நீதிமன்றம் சென்றது.

அதன்பின் கம்பனி கைக்கொண்ட வழி, காற்று வீசும் நாட்களில் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடுவதாகும். 2019 ஒக்டோபரில் இது பெருமளவில் நடந்தது. 9 ஆம் திகதி நாபாவும் சொனோமாவும் உட்படப் பல மாவட்டங்கள் இருளில் ஆழ்ந்தன. அம்மாத இறுதியில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. திராட்சை அறுவடையின் கடைசி வாரங்கள் அவை. தொட்டிகளிற் சாறு நொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பலருக்கு ஓர் உண்மை உறைத்தது. கூரையில் நூற்றுக்கணக்கான கிலோவாற் தகடுகள். வானத்தில் ஒக்டோபர் வெயில். ஆனால், ஆலைக்குள் மின்சாரம் இல்லை. கம்பியோடு இணைக்கப்பட்ட சூரிய அமைப்பின் இன்வேட்டர், கம்பியில் மின்னோட்டம் நின்ற கணத்திலேயே தானும் நின்றுவிடும்படி செய்யப்பட்டது. அதில் சதி ஒன்றும் இல்லை. அறுந்த கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளி, யாரோ ஒருவரது கூரையிலிருந்து வரும் மின்சாரம் தாக்கி இறந்துவிடக் கூடாதென்பதற்காக வகுக்கப்பட்ட நியாயமான பாதுகாப்பு விதி அது. ஆயினும் விளைவு ஒன்றே. 'முழுவதும் சூரிய சக்தியால் இயங்குவது' என்று பெயர்ப்பலகை வைத்திருந்தாலும், தனித்து இயங்கும் வசதியில்லாத ஆலை டீசல் மின்பிறப்பாக்கியைத் தேடவேண்டியிருந்தது.

1990 இல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்து, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆளி மற்றவன் கையில் இருக்கும்வரை விளக்கு நம்முடையதல்ல என்பதை அவர்கள் வேறொரு காரணத்தால், வேறொரு விதமாகக் கற்றவர்கள்.

விதிவிலக்காக நின்ற தோட்டமொன்றும் உண்டு. சொனோமாவின் ஸ்டோன் எட்ஜ் ஃபார்ம் பதினாறு ஏக்கர் நிலம். முதலீட்டுத் துறையில் பெயர்பெற்ற மக் மக்குவான் தம்பதியினருக்குச் சொந்தமாக இருந்தது. சூரியத் தகடு, பல வகைப் பற்றரிகள், ஐதரசன் கலங்கள் என்பவற்றை இணைத்து, தேவைப்படும்போது வெளிக்கம்பியிலிருந்து தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு இயங்கவல்ல சிறு மின்வலையமைப்பொன்றை அவர்கள் அங்கு உருவாக்கியிருந்தனர். 2017 தீயின்போது தோட்டத்தைவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டியிருந்தது. ஆளில்லாத அந்தத் தோட்டம் தொலைவிலிருந்து இயக்கப்பட்டு, பத்து நாட்கள் வெளிக்கம்பியின் துணையின்றித் தன் மின்சாரத்தில் தானே நின்றது. மெண்டசீனோ மலைக் குடிசைகளின் பழைய பாடம், பெரும் பணச் செலவில், மறுபடி கற்கப்பட்டது.

மாறிய கணக்கு

2023 ஏப்ரலில் கலிபோர்னியா அந்தப் பழைய சலுகையைப் புதிய இணைப்புகளுக்கு நிறுத்தியது. கம்பிக்கு அனுப்பும் அலகுக்குக் கிடைக்கும் பெறுமதி ஏறத்தாழ முக்காற்பங்கு குறைந்தது. பகலில் எல்லோருடைய கூரையும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்வதால், நண்பகல் மின்சாரத்துக்கு விலையில்லை. சூரியன் மறைந்தபின் வரும் மின்சாரத்துக்கே விலை என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஏற்கெனவே இணைந்தவர்களுக்கு இருபது ஆண்டுகள் பழைய விதி நீடிக்கும். புதிதாகத் தொடங்கும் குடும்பம் பற்றரியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மின்கம்பனி கட்டணமில்லாத பற்றரியாக இருந்த காலம் முடிந்தது.

தகடுகளின் ஆயுளைவிடக் குறுகியதாக வேறு சிலவற்றின் ஆயுள் அமைந்துவிட்டது. ரொட்னி ஸ்ட்ரோங்கின் கூரையை அமைத்த பவர்லைட் நிறுவனத்தை 2007 இல் சன்பவர் நிறுவனம் விழுங்கியது. அந்தச் சன்பவர் 2024 ஓகஸ்டில் வங்குரோத்து அடைந்தது. பிள்ளைகளுக்காகத் தகடு பதித்த குடும்பங்களிலும் மாற்றம் வந்தது. ஃபார் நியெண்டேயின் பெரும்பான்மை உரிமை 2016 இல் முதலீட்டு நிறுவனமொன்றுக்குச் சென்றது. ஷேஃபர் ஆலை 2022 இல் தென்கொரியாவின் ஷின்செகே குழுமத்துக்கு விற்கப்பட்டது. நாபா நிலத்தின் விலை, திராட்சைக் கொடிகளை மாத்திரமன்றிக் குடும்பங்களையும் அசைக்கவல்லது. ஆயினும் அந்தக் குடும்பங்கள் போட்ட கணக்கு பிழை என்று சொல்லிவிட முடியாது. வெயிலைப் பற்றிய பகுதி சரியாகவே இருந்தது. சட்டத்தைப் பற்றிய பகுதியும், கம்பியைப் பற்றிய பகுதியும் மற்றவர்களின் கையில் இருந்தன.

இன்று உலகெங்கும், நமது தாயகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும், கூரையில் தகடு பதிக்கும் குடும்பங்கள் முதலிற் கேட்பது எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பதையே. கேட்க வேண்டிய கேள்விதான். அதனோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் நாபாவின் வரலாறு சேர்க்கச் சொல்கிறது. இன்றைய கணக்கை இலாபமாக்கும் விதி எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? வெளியே மின்சாரம் நிற்கும் நாளில் இந்தத் தகடு எரியவைக்கும் விளக்கு வீட்டில் ஒன்றேனும் உண்டா?

ஜோன் பென்சனின் கற்சுவர்களுக்கு இந்தக் கேள்விகள் எழவில்லை. மின்கம்பி அறுந்தாலும், கம்பனி வங்குரோத்து அடைந்தாலும், சாறு மேலிருந்து கீழே வழியும், இரவு குளிரும். அந்தச் சுவர்களைக் கட்டிய ஆலைக்கு 'ஒன்றும் செய்யாதிருத்தல்' என்று பெயர் வைத்தது பொருத்தமே. அதற்கு அருகிலுள்ள குளத்தில் மிதந்த தகடுகளுக்கு அப்பெயர் பொருந்தவில்லை. அவை ஓர் அலகு மின்சாரத்தைத் தருவதற்குப் பின்னால் ஒரு சட்டசபையும், ஒரு மின்கம்பனியும், ஒரு வரித் திணைக்களமும் ஓயாது வேலை செய்ய வேண்டியிருந்தது.